சென்னையில் பிள்ளைகளை ஏற்றிச்செல்ல எந்த சைக்கிள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கூல், மளிகைக் கடை, பூங்கா, பாட்டி வீடு என்று மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் முடிகிற வேலைகளுக்கு, ஒரு பிள்ளையையோ இரண்டு பிள்ளைகளையோ ஏற்றிக்கொண்டு போக சைக்கிள் வாங்க நினைக்கும் அம்மா அப்பாக்களுக்கான கேள்வி பதில் இது. உடற்பயிற்சிக்கும் ஈ.சி.ஆர். அதிகாலை ரைடுக்கும் வேறு கணக்கு, வேறு வண்டி.

சென்னை டிராஃபிக்கில் குழந்தையை வைத்துக்கொண்டு சைக்கிளா? சரிப்பட்டு வருமா?

ஊர் கிட்டத்தட்ட சமதளம். ஏற்றம் என்று வந்தால் மேம்பாலமும் சுரங்கப்பாதையும்தான், இரண்டையுமே பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். அதனால் ஓட்டுகிறவரின் கால் வலுவைப் பற்றிக் கவலை வேண்டாம். பார்க்க வேண்டியது வழியை. வீட்டிலிருந்து ஸ்கூல் வரை மெயின் ரோட்டைத் தொடாமல், அல்லது ஒரே ஒரு சிக்னலில் மட்டும் அதைக் கடந்து போக முடிகிறதா? மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், பெரம்பூர், அண்ணா நகர் உட்தெருக்கள், பெசன்ட் நகர் போன்ற இடங்களில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் முடியும். அண்ணா சாலையிலோ, ஓ.எம்.ஆரிலோ, நூறடி ரோட்டிலோ ஒரு கிலோமீட்டர் போயே ஆகவேண்டும் என்றால் வேண்டாம், ஆட்டோவோ ஸ்கூல் வேனோ பார்த்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் வாங்குவதற்கு முன்பே யாரிடமாவது ஒரு வண்டியை இரவல் வாங்கி, தனியாக, ஸ்கூல் விடுகிற நேரத்தில் அந்த வழியில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் எல்லாத் தெருவும் நல்ல தெருதான்.

எத்தனை மாதக் குழந்தையை ஏற்றலாம்?

எதிலும் சாயாமல் தானாக நிமிர்ந்து உட்கார்ந்து, ஹெல்மெட்டின் கனத்தைக் கழுத்து தாங்கும் வயது வரவேண்டும். ஐரோப்பியத் தரத்தில் செய்யப்படும் குழந்தை சீட்டுகள் 9 கிலோவில் தொடங்குகின்றன. பின்சீட்டு 22 கிலோ வரைக்கும், முன்சீட்டு 15 கிலோ வரைக்கும். நம் சாலையில் இருக்கும் பள்ளத்தையும், மாநகராட்சி போட்டது போக தெருக்காரர்களே போட்டுக்கொண்ட வேகத்தடைகளையும் சேர்த்து யோசித்தால், ஒரு வயது முடியும் வரை காத்திருப்பதே நல்லது. வயிற்றில் கட்டிக்கொள்ளும் பேபி கேரியரில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டவே கூடாது. நீங்கள் விழுந்தால் குழந்தையின் மேல்தான் விழுவீர்கள்.

மேல் எல்லையையும் மறக்க வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளை சுமார் 18 கிலோ இருக்கும். ஆறு வயதைத் தாண்டும்போது சீட்டின் காலம் முடிந்துவிடும். அதற்கப்புறம் கேரியரில் மெத்தை போட்டு உட்கார வைக்க வேண்டியதுதான்.

பார் வைத்த சைக்கிளா, லேடீஸ் சைக்கிளா?

லேடீஸ் சைக்கிள். அப்பா ஓட்டினாலும் அதுதான்.

காரணம் எளிது. பின்னால் குழந்தை சீட்டு இருக்கும்போது காலைப் பின்பக்கமாகத் தூக்கிப் போட்டு ஏற முடியாது. ஏறினால் பிள்ளையின் முகத்தில் உதைப்பீர்கள். பார் வைத்த வண்டி என்றால் காலை முன்பக்கமாக மடக்கி, பாருக்கு மேலே தூக்கிக் கொண்டுவர வேண்டும். அந்த ஒரு நொடியில் ஒற்றைக் காலில் நின்றபடி, குழந்தையோடு சேர்ந்த முழு வண்டியையும் கையால் தாங்குகிறீர்கள். வேட்டியோ சேலையோ கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். தாழ்வான ஃப்ரேமில் காலை நுழைத்தோம், நின்றோம் என்று வேலை முடிந்துவிடும். திடீரென்று ஆட்டோ குறுக்கே வந்தாலும் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்கலாம். அதற்காகவே நீங்கள் உட்காரும் சீட்டின் உயரத்தையும் வழக்கத்தைவிட ஓர் அங்குலம் குறைத்து வையுங்கள். மிதிப்பது கொஞ்சம் சிரமம், ஆனால் நிற்பது சுலபம். பிள்ளை பின்னால் இருக்கும்போது நிற்பதுதான் முக்கியம்.

பார் வைத்த அந்தப் பழைய கனமான ரோட்ஸ்டர் வண்டிக்கு ஒரு பெருமை உண்டு, மறுக்கவில்லை. 14.2 கிலோ கேஸும் கிட்டத்தட்ட அதே கனத்தில் இரும்புமாக இருக்கும் சிலிண்டர்களை அதில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவர்களைப் பார்த்திருப்போம். ஃப்ரேம் தாங்கும். ஆனால் சிலிண்டர் அசையாது, பாட்டுப் பாடாது, "அப்பா, அங்க பாரு மாடு" என்று ஒரு பக்கமாகச் சாயாது.

லேடீஸ் சைக்கிளை ஆம்பளை ஓட்டினால் சிரிப்பார்களே?

ஒரு வாரம் சிரிப்பார்கள்.

கடைக்காரர் கியர் வண்டிதான் எடுக்கச் சொல்கிறார். தேவையா?

"சார், இருபத்தோரு கியர், ரெண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக், எடுத்துட்டுப் போங்க" என்பார். பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கும். ஆனால் பின்னால் ஷாக் அப்சார்பர் இருந்தால் அந்த வண்டியில் கேரியரையும் குழந்தை சீட்டையும் உறுதியாகப் பொருத்த முடியாது, ஃப்ரேமே மடங்கி அசைகிறதே. மட்கார்டு இருக்காது, செயின் கவர் இருக்காது, இரண்டு காலில் நிற்கும் ஸ்டாண்டு இருக்காது. டிஸ்க் பிரேக் பல மாடல்களில் கேரியரின் கால் வரவேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

சமதளமான ஊருக்குக் கியரே இல்லாத வண்டி போதும். வழியில் சுரங்கப்பாதை கட்டாயம் என்றால் பின்னால் மட்டும் ஆறேழு கியர் உள்ள சிட்டி சைக்கிள் பாருங்கள். அப்போதும் குழந்தையோடு சுரங்கப்பாதையில் ஏறும்போது இறங்கித் தள்ளுவதில் ஒரு வெட்கமும் இல்லை.

கியருக்குப் போகும் பணத்தை நல்ல கேரியருக்கும், சீட்டுக்கும், கால் பாதுகாப்புக்கும் போடுங்கள்.

குழந்தை சீட்டு முன்னாலா, பின்னாலா?

மூன்று வயதுக்குள் என்றால் முன்னால் வைப்பதில் ஒரு சுகம் உண்டு. பிள்ளை கண்முன்னே இருக்கும், பேசலாம், தூங்கிவிட்டால் உடனே தெரியும். ஆனால் ஹேண்டில் பாரிலேயே தொங்கவிடும் கூடை சீட்டு வேண்டாம். திருப்பும்போதெல்லாம் பிள்ளையின் எடையையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். ஃப்ரேமில் பொருத்துகிற சீட்டாக இருக்கட்டும். பாரில் முடுக்கும் குட்டி சீட்டில் முதுகுக்குச் சாய்மானமும் பெல்ட்டும் கிடையாது. தெருமுனைக் கடை வரை தாத்தா கூட்டிப்போன காலத்துக்குச் சரி, தினசரி ஸ்கூலுக்குச் சரியில்லை.

பின்னால் என்றால் முதுகு உயரமான, தோளிலும் இடுப்பிலும் பெல்ட் வரும், காலுக்குத் தனித்தனிக் குழி உள்ள சீட்டு. இதில் இரண்டு வகை. கேரியர் மேல் முடுக்குவது ஒன்று, ஃப்ரேம் குழாயில் பிடிமானம் போட்டுப் பொருத்துவது ஒன்று. இரண்டாவது வகைக்குக் குழாய் உருண்டையாக இருக்க வேண்டும், அகலமும் பொருந்த வேண்டும். இரட்டைக் குழாய் வளைந்து வரும் சில லேடீஸ் ஃப்ரேம்களில் உட்காராது. சைக்கிளையே கடைக்கு ஓட்டிக்கொண்டு போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கிவிட்டு வெல்டிங் பட்டறையில் போய் நிற்காதீர்கள்.

இன்னொன்று, பலருக்குத் தோன்றாத விஷயம். நம் சைக்கிள் சீட்டுகளுக்கு அடியில் பெரிய ஸ்பிரிங் இருக்கும். பின்னால் உட்கார்ந்த குழந்தைக்கு அது சரியாகக் கைக்கெட்டும் உயரம். விரலை விட்டுப் பார்க்கும். வேகத்தடையில் நீங்கள் எழுந்து உட்கார்ந்தால் ஸ்பிரிங் அந்த விரலை நசுக்கிவிடும். ஸ்பிரிங் இல்லாத சீட்டாக மாற்றுங்கள். அல்லது பழைய டியூபை வெட்டி ஸ்பிரிங்கைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள்.

கால் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும் என்று பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். போக்குவரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், ஆனால் கேரியரில் போகும் பிள்ளைகளுக்கு வரும் காயங்களில் பெரிய கொடுமை இது. தொங்கும் கால் கொஞ்சம் உள்பக்கமாக வந்தால் போதும். சுற்றும் கம்பிகள் பாதத்தை இழுத்துக் கொண்டுபோய் ஃப்ரேமோடு சேர்த்து நசுக்கிவிடும். குதிகால் தோல் உரிந்து வரும், சில சமயம் எலும்பும் முறியும். பிள்ளை தூங்கி வழியும்போதும், யாரையாவது திரும்பிப் பார்க்கும்போதும்தான் இது நடக்கும்.

இரண்டு ஏற்பாடும் வேண்டும். ஒன்று, கால் வைக்க ஓர் இடம். இரண்டு, அங்கிருந்து நழுவினாலும் சக்கரத்துக்குள் போகாத மறைப்பு. கால் வைக்கும் கட்டையை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம். பிள்ளை அதிலேயே காலை வைத்திருக்கும் என்று என்ன நிச்சயம்?

லேடீஸ் சைக்கிளோடு வரும் சேலை கார்டு பல வண்டிகளில் சக்கரத்தின் மேல் பகுதியை மட்டும் மறைக்கும். குதிகால் தொங்குவது அதற்கும் கீழே. அதனால் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, நீங்கள் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பிள்ளையை உட்கார வைத்து, காலை ஆட்டச் சொல்லுங்கள். இன்னொருவர் பின்னாலிருந்து பார்க்கட்டும். குதிகால் எங்கெங்கே போகிறதோ அந்த இடம் முழுவதும், இரண்டு பக்கமும் மறைய வேண்டும். கெட்டியான பிளாஸ்டிக் வலையை அளவாக வெட்டி, கேரியர் காலிலும் மட்கார்டு கம்பியிலும் கேபிள் டை போட்டு இறுக்கினால் போதும். கண்ணி சிறியதாக இருக்க வேண்டும், பிள்ளையின் கட்டைவிரல் நுழையக் கூடாது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பொருள்தான், செலவும் பெரிதாக வராது.

செருப்பு வேண்டாம், பட்டை வைத்த ஷூ அல்லது சாண்டல். லேஸ் இருந்தால் உள்ளே செருகிவிடுங்கள்.

மாட்டிக்கொண்டால் காலை இழுக்காதீர்கள். வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டு கம்பியை வளைத்தோ வெட்டியோ காலை எடுக்க வேண்டும். வெளியே சிராய்ப்பு போலத் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டி விடுங்கள்.

துப்பட்டா, சேலை?

துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிச்சு. முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். செயின் முழுவதையும் மூடும் கவர் இருக்கும் வண்டியாகப் பார்த்தால் பேன்ட் போடுகிறவர்களுக்கும் நல்லது. துப்பட்டாவால் பிள்ளையைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் பழக்கம் சைக்கிளுக்கு வேண்டாம். பிள்ளை சீட்டோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், உங்களோடு அல்ல.

கேரியர் எவ்வளவு தாங்கும்?

கேரியரில் எடை எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. 25 கிலோ என்பது பரவலாகக் காணும் அளவு. அதில் சீட்டின் எடையும் சேரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். எழுதியே இல்லாத ஒல்லிக் கம்பிக் கேரியர்களும், சீட்டுக் குழாயில் மட்டும் தொங்கும் கேரியர்களும் டிபன் பாக்ஸுக்கு. பின்சக்கர அச்சு வரை இரண்டு பக்கமும் கால் இறங்கி, அங்கே நட்டு போட்டு முடுக்கியிருக்கும் கேரியர்தான் பிள்ளைக்கு. அதிர்வில் எளிதில் கழலாத நைலான் நட்டாகப் போடச் சொல்லுங்கள்.

ஸ்டாண்டு எப்படி இருக்க வேண்டும்?

சைடு ஸ்டாண்டு கூடாது. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும், இரண்டு கால் உள்ள, அகலமான ஸ்டாண்டு வேண்டும். ஓடும்போது விழுவதைவிட நிற்கும்போது விழுவது இந்த வண்டிகளுக்குச் சகஜம். பிள்ளை சீட்டில், அம்மா கேட்டைப் பூட்டுகிறார், மழையில் ஊறிய மண்ணில் ஸ்டாண்டு ஒரு பக்கம் இறங்குகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து பக்கவாட்டில் விழுந்தால் முதலில் தரையில் படுவது தலைதான்.

எந்த ஸ்டாண்டாக இருந்தாலும் பிள்ளை மேலே இருக்கும்போது உங்கள் ஒரு கை வண்டியில் இருக்க வேண்டும். பை, தண்ணீர் பாட்டில், பூட்டு, ஹெல்மெட் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் பிள்ளை ஏறட்டும். இறங்கும்போது முதலில் பிள்ளை.

பிரேக்?

கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்று எடுத்துப் போங்கள். ரிம்மில் வையுங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். பளபளவென்று குரோம் பூசிய இரும்பு ரிம்மில் மழை பட்டால் பிரேக் கட்டை வழுக்கும், வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. அலுமினிய ரிம்மும், அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் வி-பிரேக்கும் உள்ள வண்டி வாங்கினால் ஐப்பசி, கார்த்திகையில் அதன் அருமை தெரியும். பின்னால் டிரம் மாதிரி மூடிய பிரேக் இருந்தால் இன்னும் நல்லது.

இரும்பு ரிம் வண்டிதான் இருக்கிறது என்றால் மழையில் பிள்ளையை ஏற்றாதீர்கள். தண்ணீர் தேங்கிய தெருவில் எந்த வண்டியிலும் ஏற்றாதீர்கள். மழைநீர் வடிகால் வேலைக்கு வெட்டிய குழியும் மூடியில்லாத மேன்ஹோலும் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கும்.

இரண்டு பிள்ளைகள். என்ன செய்வது?

சின்னது முன்சீட்டில், பெரியது பின்சீட்டில் என்று ஒரு சாதாரண சைக்கிளில் கொண்டுபோக முடியும். பலர் செய்கிறார்கள். தினமும் செய்ய நான் சொல்லமாட்டேன். இரண்டும் சேர்ந்து 30 கிலோவைத் தாண்டியதுமே ஹேண்டில் உங்கள் பேச்சைக் கேட்காது. பெரிய பிள்ளைக்கு ஏழு எட்டு வயது என்றால் தனி சைக்கிளில், உள்தெருவில், உங்களுக்கு முன்னால் ஓட விடலாம். பின்னால் அல்ல, கண்ணில் பட வேண்டும்.

பின்பக்கம் நீண்டு இரண்டு பிள்ளைகளை வரிசையாக ஏற்றும் லாங்டெயில் வண்டிகளும், டென்மார்க், நெதர்லாந்து பக்கம் ஓடும் முன்பெட்டி வண்டிகளும் இதற்கென்றே செய்தவை. இங்கே சாதாரணக் கடைகளில் கிடைப்பது அரிது. வரவழைத்தாலும் அபார்ட்மென்ட் லிஃப்டில் ஏறாது, தெருவில் விட மனசும் வராது. வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் ட்ரெய்லர் சென்னைக்கு வேண்டவே வேண்டாம். மாநகரப் பேருந்து ஓட்டுநர் இருக்கையிலிருந்து அது தெரியுமா என்று மட்டும் யோசியுங்கள்.

ஹெல்மெட் கட்டாயமா?

நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஹெல்மெட்டும் பெல்ட்டும் வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் விதி மோட்டார் இருசக்கர வண்டிகளுக்கானது. சைக்கிளுக்கு அப்படி இல்லை. ஆனாலும் போடுங்கள். லேசான சைக்கிள் ஹெல்மெட்தான், பைக் ஹெல்மெட் அல்ல. அந்தக் கனம் சின்னக் கழுத்துக்கு ஆகாது. உள்ளே இ.என். 1078 என்ற ஐரோப்பியத் தரக் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். சீட்டின் முதுகு தலைக்குப் பின்னால் முட்டி ஹெல்மெட்டை முன்னால் தள்ளினால் பிள்ளை குனிந்தபடியேதான் வரும். இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். விளையாடப் போகும்போது கழற்றிவிடுங்கள், சறுக்குமரத்தில் வார் மாட்டினால் ஆபத்து.

வெயிலில்?

காலை ஸ்கூலுக்குப் பிரச்சினை இல்லை. எல்.கே.ஜி. விடுகிற நண்பகல்தான் கஷ்டம். வெயிலில் நிறுத்திய கறுப்பு சீட்டும் பெல்ட்டின் இரும்புக் கொக்கியும் தொடையைச் சுட்டுவிடும். ஒரு பழைய துண்டைப் போட்டு மூடி வையுங்கள், ஏற்றும் முன் கை வைத்துப் பாருங்கள். கத்திரி வெயிலில் நல்லவேளையாக ஸ்கூல் லீவு.

வீட்டில் அக்காவுக்கு ஸ்கூலில் கொடுத்த விலையில்லா சைக்கிள் இருக்கிறது. அதுவே போதாதா?

பல வீடுகளுக்குப் போதும். புதிதாக வாங்குவதற்கு முன் அதைத்தான் பார்க்கச் சொல்வேன். நல்ல மெக்கானிக்கிடம் விட்டு ஓவராயில் செய்து, சக்கரக் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டையும் கேபிளும் மாற்றி, கேரியரையும் ஸ்டாண்டையும் கெட்டியானதாகப் போட்டு, கால் மறைப்பு கட்டினால் உருப்படியான வண்டி ஆகிவிடும். ஃப்ரேமில் வெல்டிங் விட்டிருக்கிறதா, ஃபோர்க் வளைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் அந்த வண்டியில் காசைப் போடாதீர்கள்.

எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கலாமா?

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்கும், பெடல் மிதித்தால் உதவும் வண்டிகளைச் சட்டம் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. பிள்ளையோடு சிக்னலில் நின்று கிளம்பும்போது மோட்டார் கொடுக்கும் அந்த முதல் உந்தல் பெரிய உதவிதான். ஆனால் கடையில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் பையன்களுக்கான மவுன்டன் வண்டிகள், கேரியர் போட ஓட்டையே இருக்காது. பேட்டரி கேரியரில் இருந்தால் குழந்தை சீட்டு எங்கே போகும் என்று கேளுங்கள்.

ஸ்கூல் பையை எங்கே வைப்பது?

பிள்ளையின் முதுகில் வேண்டாம், அது முன்னால் தள்ளும். ஹேண்டிலில் தொங்கவிட்டால் ஆடி ஆடி முன்சக்கரத்தில் போய் மாட்டும். முன்னால் ஒரு கம்பிக் கூடை போடுங்கள். 2020ஆம் ஆண்டின் பள்ளிப்பை கொள்கைப்படி பை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. தண்ணீர் பாட்டிலைச் சேர்த்தா என்று நம் ஸ்கூல்களிடம்தான் கேட்க வேண்டும்.

எந்த டயர்? எந்த கம்பெனி?

1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் வளர்ந்த நிறுவனம். அதன் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளுக்கும், லூதியானாவிலிருந்து வரும் ஹீரோ, ஏவான் வண்டிகளுக்கும் தெருமுனையில் சாமான் கிடைக்கும். கம்பெனியைவிட அதுதான் முக்கியம்.

டயர் அகலமாக இருக்கட்டும், பள்ளத்தின் அதிர்ச்சியைப் பிள்ளையின் முதுகுக்குப் போகவிடாது. 26 அங்குலம் என்று சொல்லி விற்பதிலேயே இரண்டு அளவு உண்டு. பழைய லேடீஸ் வண்டிகளின் 26 x 1⅜ டயர், மவுன்டன் வண்டிகளின் 26 x 1.75 ரிம்மில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் கடையில் இரண்டு முறை அலைய வேண்டாம். வால்வும் அப்படித்தான். ஒல்லியான வெளிநாட்டு வால்வு வைத்த டியூபைக் கொண்டுபோனால் பஞ்சர் கடைக்காரர் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு உங்களையே பார்ப்பார். வண்டி வாங்கும் அன்றே சாதாரண வால்வு உள்ள டியூபாக மாற்றித்தரச் சொல்லிவிடுங்கள். ரிம்மில் ஓட்டை சிறியதாக இருந்தால் அங்கேயே பெரிதாக்கியும் தருவார்கள்.